மின்வெட்டு அட்டவணையும் ஒரு கணினிப் பட்டமும்

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருள் இறக்க நாட்டிடம் டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் நீர்மட்டம் இறங்கியிருந்தது. நாட்டை ஆங்கில எழுத்துகளால் வலயங்களாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது இருட்டு என்று அட்டவணை போட்டார்கள். அந்த வருடம் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் படித்தவர்களுக்குச் செடி இருந்தது, புவியியல் படித்தவர்களுக்கு நிலம் இருந்தது. எங்களுடைய பாடப்பொருள் மட்டும் அட்டவணைப்படி அணைந்து அணைந்து எரிந்தது.

அந்தக் காலத்தின் கஷ்டத்தை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம் தொழில் சார்ந்தது. தான் செய்யும் வேலையில் எவ்வளவு தன் மேசையில் இருக்கிறது, எவ்வளவு எங்கோ தூர தேசத்து இயந்திரத்தில் இருக்கிறது என்று யோசிக்காமலேயே ஒரு கணினி மாணவர் பட்டத்தை முடித்துவிடலாம். மின்சாரமும் இணையமும் தடையில்லாமல் வரும் ஊரில் அந்தக் கேள்வியே எழாது. எங்களுக்கு அது தினமும் எழுந்தது, நேரம் குறித்துக்கொண்டு எழுந்தது.

எங்கள் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, அல்வாதான் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், 1974இல் பேராசிரியர் க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. விஞ்ஞான பீடத்தில், தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வந்த எங்களைப் போன்றவர்களும் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் ஒரே மண்டபத்தில் இருந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்போம். விரிவுரை முடிந்ததும் கன்ரீனில் பிளேன்ரீயை வைத்துக்கொண்டு, கேட்டதை ஒருவருக்கொருவர் தமிழில் திருப்பிச் சொல்லுவோம். எந்த இடத்தில் வாய் திக்குகிறதோ அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம். அடுத்த மேசையில் இதே வேலை சிங்களத்தில் நடந்துகொண்டிருக்கும். பிறகு ஆய்வுகூடத்தில் இரண்டு மேசைக்காரர்களும் உடைந்த ஆங்கிலத்தில் சந்திப்போம். இரு பக்கமும் சமமாகத் திணறியதால் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. முதல் வருடத்தில் ஆங்கிலத்துக்குப் பயப்படும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: விளங்கிக்கொள்வதைத் தாய்மொழியில் முடித்துவிடுங்கள், பரீட்சைத்தாளுக்கு மட்டும் ஆங்கிலத்தைத் தயார் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டும் பாதியில் நிற்கும்.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். மடிக்கணினி வைத்திருக்கும் எவரும் ஒரு நாளாவது உட்கார்ந்து, எந்த நிரல் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் பவர்டொப் என்ற சின்னக் கருவி அதை வரிசைப்படுத்திக் காட்டும். எங்கள் கணினிகளில் முதலிடத்துக்குப் போட்டியிட்டவை இரண்டு: திரையின் வெளிச்சம், உலாவி. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, உலாவியை மூடிவிட்டு, வெறும் எழுத்துத்தொகுப்பியில் வேலை செய்தால் அதே மின்கலம் கணிசமான நேரம் கூடுதலாக நிற்கும். பழைய மின்கலம் காட்டும் சதவீதத்தை நம்பக் கூடாது. 30 என்று காட்டிக்கொண்டே உயிரை விடும்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே லித்தியம் மின்கலம் வைத்த சிறிய யூபிஎஸ் பெட்டிகள் அந்த வருடம் கடைகளில் நிறைந்தன. வாங்கியவர்கள் முதல் சில நாட்கள் ராஜாக்கள். பிறகுதான் தெரிந்தது, மின்வெட்டு நீண்டால் தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் வற்றும் என்பது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரியும், இணையம் இருக்காது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக ஸூம் வகுப்புகளைத் தரவுக் கட்டணம் இல்லாமல் கேட்க முடிந்தது. 2022இல் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வழி இல்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். மின்சாரம் இருக்கும்போது தரவிறக்கம், பெரிய தொகுப்பு வேலைகள், இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவித்தல். இல்லாதபோது வாசிப்பு, வடிவமைப்பு, கடதாசியில் நிரல் எழுதுதல். கடதாசியில் எழுதுவது பழங்காலத்து வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் பரீட்சைகளே கடதாசியில்தான் நடந்தன. ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடும், மாறியின் பெறுமானம் ஒவ்வொரு முறையும் என்ன என்று கையால் எழுதிப் பார்த்தவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் புதிதாக எதுவும் இருக்காது. ‘ஓடவிட்டுப் பார்ப்போம்’ என்ற சோம்பல் பதில் எங்களுக்கு அடுத்த மின்சாரம் வரும் வரைக்கும் கிடைக்காததால், ஓடவிடும் முன்பே விடையை ஊகிக்கும் பழக்கம் வந்தது. இன்று வேலையிடத்தில் எனக்கு ஏதாவது மதிப்பு இருக்குமானால் அது இந்தப் பழக்கத்தால்தான்.

இணையம் இல்லாமல் நிரல் எழுத என்னென்ன வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்வெட்டு இல்லாத ஊர்களிலும் இது பயன்படும். பைதான் நிரல்மொழியின் அதிகாரபூர்வக் கையேட்டை முழுவதுமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஜீல் என்ற மென்பொருள் பல மொழிகளின் கையேடுகளை ஒரே சாளரத்தில், இணையமின்றித் தேட விடும். கிவிக்ஸ் என்பது இன்னும் பெரிய கை: விக்கிப்பீடியாவையும், நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதில்களையும் ஒரே கோப்பாகப் பொதி செய்து தரும். ஒருவர் இரவில் இறக்கினால் போதும், வெளி வன்தட்டில் போட்டு வகுப்பு முழுவதும் சுற்றும். பைதான் பொதிகளை நிறுவும் பிப் கருவியில் ‘டவுன்லோட்’ என்ற கட்டளை இருக்கிறது. அது பொதிகளையும் அவை சார்ந்திருக்கும் மற்றவற்றையும் ஒரு கோப்புறைக்குள் இறக்கித் தரும். அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் கொண்டுபோய், அதே வகைக் கணினியில் இணையமின்றி நிறுவலாம்.

இதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று இருந்தது. தேடுபொறியிடம் கேட்டால் விடை மட்டும் வரும். கையேட்டில் தேடினால், விடைக்குப் பக்கத்தில் கிடப்பதும் கண்ணில் படும். லினக்ஸின் உள்ளமைந்த கையேட்டுப் பக்கங்களை அப்படி வாசித்துத்தான் பாதி கட்டளைகளை அறிந்துகொண்டேன். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். எங்கள் மோசமான மாதங்கள் கடந்த பிறகு. இன்று படிக்கும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓர் ஒப்படையையாவது வைஃபையை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போது தெரியும்.

தரவுத்தளப் பாடத்தை நான் உண்மையாகப் படித்தது மின்வெட்டில்தான். பரிவர்த்தனைக்கு, அதாவது தரவுத்தளம் ஒரே மூச்சில் முடிக்கும் பதிவு வேலைக்கு, நான்கு பண்புகள் உண்டு என்று விரிவுரையில் சொல்லுவார்கள். அவற்றில் கடைசியானது நிலைத்திருத்தல்: ‘பதிந்துவிட்டேன்’ என்று தரவுத்தளம் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த நொடி மின்சாரம் போனாலும் அந்தத் தரவு இருந்தாக வேண்டும். மற்ற ஊர்களில் இதைப் பரிசோதிக்க வேண்டுமானால் யாராவது செருகியைப் பிடுங்க வேண்டும். எங்களுக்கு அரசாங்கமே பிடுங்கித் தந்தது, நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு.

நண்பன் வீட்டில் யூபிஎஸ் இல்லாத பழைய மேசைக்கணினி ஒன்று இருந்தது. அதில் இரண்டு நிரல்களை ஓடவிட்டோம். ஒன்று எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எண்களை ஒவ்வொன்றாகப் பதியும். மற்றது சாதாரண எழுத்துக் கோப்பின் வாலில் எண்களை ஒட்டிக்கொண்டே போகும். ஒவ்வோர் எண்ணும் பதிந்ததும், வீட்டு வலையமைப்பு வழியாக மடிக்கணினித் திரையில் அது தெரியும். அட்டவணைப்படி மின்சாரம் போனது. ரவுட்டர் செத்தாலும் மடிக்கணினித் திரையில் கடைசியாக வந்த எண்கள் அப்படியே நின்றன. மின்சாரம் வந்ததும் ஒப்பிட்டோம். எஸ்கியூலைட் சொன்னபடி நடந்திருந்தது, திரையில் வந்த எண் எல்லாம் தட்டில் இருந்தன. எழுத்துக் கோப்பில் கடைசிச் சில வினாடிகளின் எண்களைக் காணவில்லை.

காரணம் எளிது, ஆனால் கண்ணால் பார்க்கும் வரைக்கும் மனதில் ஏறாது. ஒரு நிரல் ‘கோப்பில் எழுது’ என்று சொன்னால், இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆகட்டும்’ என்கிறது. தட்டுக்குக் கொண்டுபோவது பிறகு, அதற்கு வசதியான நேரத்தில். எஸ்கியூலைட் அந்த ‘ஆகட்டும்’ என்பதை ஏற்பதில்லை. தட்டில் இறங்கியதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். அதனால்தான் அது மெதுவாகவும் இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில், நொடிக்கு ஏறக்குறைய 60 பரிவர்த்தனைகளைத்தான் அது முடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தட்டு இரண்டு முறை சுற்றி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே பரிவர்த்தனைக்குள் கட்டிவிட்டால், அதே கணினி நொடிக்குப் பல்லாயிரம் பதிவுகளைப் போடும். எஸ்கியூலைட் மெதுவானது என்று முறைப்பாடு சொல்லும் மாணவர்களில் பெரும்பாலானோர் ஒவ்வொரு வரியையும் தனிப் பரிவர்த்தனையாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அதன் பிறகு நான் எழுதிய எந்த நிரலும் முக்கியமான கோப்பை நேரடியாக மேலெழுதியதில்லை. புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி, தட்டில் இறக்கச் சொல்லி, பிறகு பழைய பெயருக்கு மாற்றுவேன். நடுவில் மின்சாரம் போனால் பழைய கோப்பு முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். பாதிக் கோப்பு இருக்காது. கூகுளின் கணினிகளை உலாவி வழியாகப் பயன்படுத்தத் தரும் கொலாப்பில் மாதிரிகளைப் பயிற்றுவித்தபோதும் இதே நியாயம்தான். இலவசக் கணக்கில் அதிகபட்சம் 12 மணி நேரம். இடையில் நம் பக்கத்து உலாவி அறுந்தால் அதற்கு முன்பே துண்டித்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எடைகளை, அதாவது மாதிரி அதுவரை கற்ற எண்களை, சேமிக்காமல் பயிற்சியைத் தொடங்குவது, எங்கள் ஊரில், வேலையைத் தொடங்காமல் இருப்பதற்குச் சமம்.

குழுச் செயற்றிட்டங்கள் தனிக் கதை. நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியில் பதிவு செய்வது வேறு, இணையத்தில் இருக்கும் கிட்ஹப் தளத்துக்கு அனுப்புவது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, இணையம் இல்லாத நேரத்தில் எதையும் பதிவு செய்யாமல் இருப்பார்கள். வரலாறு முழுவதும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. இணையம் வந்ததும் மொத்தமாக அனுப்பினால் போதும். இணையம் வரவே போவதில்லை என்றால் ‘கிட் பண்டில்’ என்ற கட்டளை, முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதைப் பென் டிரைவில் போட்டு, சைக்கிளில் கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் இணையத்துக்கு மாறிய கிழமைகளில் எங்கள் குழுவில் ஒருவன் குருநாகலில், ஒருத்தி வவுனியாவில், மற்றவர்கள் யாழ்ப்பாணத்தின் வெவ்வேறு மூலைகளில். வலய எழுத்துகள் வேறு வேறாக இருந்ததே வசதியாகிவிட்டது. எந்த நேரத்திலும் யாராவது ஒருவருக்கு மின்சாரம் இருந்தது, யாருக்கு இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குத் தலைவர். மற்றவர்களின் மாற்றங்களை இணைத்து வைப்பது அவருடைய வேலை. பல கணினிகள் சேர்ந்து இயங்குவதைப் பற்றிய பரம்பிய முறைமைகள் பாடத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறைகள் வந்தபோது எங்கள் குழு கொஞ்சம் திமிராகவே உட்கார்ந்திருந்தது.

இருட்டில் எல்லா நேரமும் படித்தோம் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தார் எவரும் நம்ப மாட்டார்கள். 304 ஆடினோம். தெரியாதவர்களுக்கு: 32 சீட்டுகள், நான்கு பேர், இரண்டு கட்சி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரே சின்னம் கொண்ட சீட்டுகளான ஒரு சாதிக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. முதலில் நான்கு சீட்டுதான் கைக்கு வரும், அதை வைத்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் போலக் கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மிச்சம் 28 சீட்டு எங்கே என்று தெரியாது. தெரியாத 28 சீட்டையும் கணினியில் ஆயிரக்கணக்கான முறை குலுக்கிப் போட்டு, இந்த நான்கு சீட்டுக்கு எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று பார்க்கும் நிரல் ஒன்றை எழுதினேன். மொன்டி கார்லோ முறை என்று பாடத்தில் வரும் பெரிய பெயர் இதற்குத்தான். ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, தனியே ஆடிய சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட யோசித்ததிலிருந்து பிறந்த முறை அது. என் நிரல் எங்களோடு ஆடிய மாமாவை ஒருமுறையும் தோற்கடிக்கவில்லை. எதிர்க்கட்சியின் முகத்தைப் பார்த்துச் சீட்டை ஊகிக்கும் வசதி அதில் இல்லை. ஆனால் நிகழ்தகவுப் பாடத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகளுக்கு அந்த நிரல்தான் காரணம். ஒரு பாடம் கசக்கிறது என்றால், உங்களுக்கு ஏற்கனவே பிடித்த ஏதாவது ஒன்றுக்குள் அது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். நிகழ்தகவு எனக்குச் சீட்டுக்கட்டில் கிடைத்தது.

2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர். அடையாள அட்டை எண், வாகன எண், அடிச்சட்ட எண் எல்லாம் கொடுத்து இணையத்தில் பதிய வேண்டும். கணினி படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளின் விறாந்தைகள் அரசாங்க அலுவலகங்கள் ஆயின. “தம்பி, எனக்கும் ஒன்று எடுத்துத் தாரும்” என்று வந்த அயலவர்களுக்கு நான் சொன்ன ஒரே ஆலோசனை, கடதாசியில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கைத்தொலைபேசியின் மின்கலம் வரிசையில் நிற்கும்போதுதான் தீரும். அச்சிட்ட கடதாசி கசங்கினாலும், ஓரம் கிழிந்தாலும் வேலை செய்யும். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு 1994இல் உருவாக்கிய அந்தக் குறியீட்டுக்குள் பிழை திருத்தும் தரவும் சேர்ந்தே இருக்கிறது. உச்ச நிலையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 வீதம் சேதமானாலும் மீட்டுவிடலாம்.

இனி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் கதை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு வாசிகசாலை இருக்கிறது. பத்திரிகைகளும், இரண்டு அலுமாரி நூல்களும், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று வேறெங்கும் கிடைக்காத வெளியீடுகளும் அங்கே உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்கள் 1981இல் எரிந்த மண் இது. சின்ன வாசிகசாலையின் பட்டியலைக்கூட இங்கே யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. பட்டியலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் வருடக்கணக்காகக் கணினியில் தட்டச்சிட்டு வைத்திருந்தார், பாமினி எழுத்துருவில். அவர் கேட்டது ஒன்றுதான்: “இதில் ஒரு பெயரைத் தேடினால் வர வேண்டும் தம்பி.”

பாமினி என்பது வேடம். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடில் அதே சொல் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக, அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகளாக இருக்கும். கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். தமிழ் உரையை வைத்து வேலை செய்ய வருகிறவர்கள் முதல் நாளே இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

மாற்றி எழுதும் நிரல் அரை நாள் வேலை என்று நினைத்தோம். பாமினியில் ‘கொ’ என்பது பார்வை வரிசையில் இருக்கும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் க முதலில் வரும், ஒகரக் குறி ஒன்றே பின்னால் வரும். ஆகவே மூன்று குறி கொண்ட கூட்டுகளை முதலில் மாற்றி, பிறகு இரண்டு, கடைசியாகத் தனி எழுத்துகள் என்று போக வேண்டும். வரிசையை மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். இன்னொரு சிக்கல், பட்டியலின் நடுவே வரும் உண்மையான ஆங்கிலம். பதிப்பகத்தின் ஆங்கிலப் பெயர் எல்லாம் பொருளற்ற தமிழாகிவிட்டது. அதற்கு வழி கோப்பிலேயே இருந்தது: வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் இருக்கும், அதில் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் என்று எழுதியிருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றினோம். பிறகு, ‘கொ’ யுனிகோடிலேயே இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். இல்லாவிட்டால் ‘கொக்குவில்’ என்று தேடினால் பாதிக் கொக்குவில்தான் வரும்.

தேடல் வேலை செய்தது. அகரவரிசையில் அச்சிட்டு ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, “தம்பி, இது யாருடைய அகரவரிசை?” என்று கேட்டார். கணினி குறியீட்டு எண்களின்படி வரிசைப்படுத்தியிருந்தது. அந்த எண் வரிசையில் ன, ப-வுக்கு முன்னால் வருகிறது. ற, ல-வுக்கு முன்னால் வருகிறது. புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகிறது, அதனால் ‘அமர்’ முந்தி ‘அம்மா’ பிந்திவிடுகிறது. நெடுங்கணக்கு அறிந்தவருக்கு அது தலைகீழ். யுனிகோட் ஒருங்கியத்தின் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவுத் தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது; ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் வழியாகப் பைதானில் அதைப் பயன்படுத்தலாம். சில வரிகள் மாற்றினால் போதும், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஐயா வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் எந்தச் செயற்றிட்ட மதிப்பீட்டிலும் எனக்கு அப்படிக் கூர்மையான கேள்வி விழவில்லை. பட்டியல் முடிந்த பிறகு மலர்களின் பக்கம் திரும்பினோம். 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஏற்கனவே இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று ஒப்பிட அதே பட்டியல் உதவியது. இறுதி வருடச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று அலையும் பிள்ளைகள், தங்கள் ஊர் வாசிகசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒருமுறை போய் வரலாம். பாமினியில் உறங்கும் கோப்புகள் அங்கே நிச்சயம் இருக்கும்.

பணம் பற்றிக் கொஞ்சம். பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5000 ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, மடிக்கணினி விலையும் அதோடு ஏறியது. சாதாரணதரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் ரியூசன் கொடுத்துச் சமாளித்தேன். இரும எண்களின் நிரப்பியைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கவைத்த பிறகுதான் எனக்கே அது பிடிபட்டது என்பது கூடுதல் சம்பளம்.

புதியது வாங்க முடியாததால் எங்கள் வகுப்பில் பலர் பழைய அலுவலக மடிக்கணினிகளை வாங்கினார்கள், கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் இங்கே நகரத்துக் கடைகளிலும். வகுப்பில் வாங்கித்தருவது என் வேலையாகிவிட்டதால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் மின்கலத்தின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போது நிரம்பும் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்திலிருந்து மின்கல அறிக்கை எடுக்கலாம். பாதிக்குக் கீழே இருந்தால் புது மின்கலத்தின் விலையைக் கழித்துக் கேளுங்கள். வன்தட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தரவில் பழுதடைந்த பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். நினைவகம் பலகையோடு பற்றவைத்ததா, கூட்டக்கூடியதா என்று கேளுங்கள். எதிர்காலம் அதில்தான் இருக்கிறது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், முந்தைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள், சில கணினிகளில் அதை நீக்குவதற்குப் பலகையையே மாற்ற வேண்டி வரும். திரையைப் பலமுறை திறந்து மூடிக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மின்செருகியைக் கழற்றிவிட்டு, கடைக்காரரோடு பேசிக்கொண்டே கணினியை மின்கலத்தில் ஓடவிடுங்கள். எல்லாம் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.